மாரிசெல்வி வீட்டுத் தளம்

மாரிசெல்வி தன் வீட்டைச் சுற்றியிருந்த சிமெண்டுத் தளத்தின் வெடிப்புக்குள் விழுந்தது ஒரு சித்திரை மாதம், நகராட்சித் தண்ணீர் வந்த நாளில். குழாயடியிலிருந்து நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவிலிருந்த கிழக்குச் சந்து வழியாகப் பின்பக்கம் போனாள். வெடிப்பு நாலு விரல் அகலம் இருந்தது. மாரிசெல்வி ஒல்லி இல்லை. ஆனாலும் போய்விட்டாள். குடம் போகவில்லை, அது வெடிப்பின் மேல் குறுக்காகச் சாய்ந்து கிடந்தது, தண்ணீர் முழுவதும் உள்ளே இறங்கியது. அடுத்த வீட்டு சுகுணா துணி காயப்போட்டபடி மதிலுக்கு மேலாக இதைப் பார்த்தாள். பிறகு கேட்ட எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னாள்: "நடந்து போனா. அப்புறம் பாத்தா இல்ல." உள்ளேயிருந்து முதலில் வந்த பேச்சு, "ஏக்கா, குடம் ஒடஞ்சிட்டா?" என்பது.

அவள் புருஷன் ஜெயகிருஷ்ணன் வேதியியல் படித்தவன், தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர். செய்தி வந்தபோது மருந்துக் கலவையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கலவை முடிந்ததும் கிளம்பினான். தீயணைப்பு வண்டி அவனுக்கு முன்னால் வந்திருந்தது. கயிறு விட்டார்கள். கயிறு முழுவதும் உள்ளே போய், பிடிப்பவர் கையில் நுனி மட்டும் மிஞ்சியது. இழுத்தால் புழுதியோடு வெறும் கயிறு வந்தது. பிறகு தளத்தை உடைத்து இரண்டு முழம் தோண்டினார்கள். தோண்டிய இடத்தில் வெடிப்பே இல்லை, கட்டிக் கட்டியாகக் கரிசல் மண்தான் இருந்தது. தோண்டாத பக்கத்து வெடிப்பிலிருந்து மாரிசெல்வி, "அங்கன இல்ல, இங்கன இருக்கேன்" என்றாள். அங்கே தோண்டினால் குரல் இன்னொரு பக்கம் போனது. சாயங்காலம் தீயணைப்பு ஆட்கள் டீ குடித்துவிட்டு, குழியை மூடிக் கொடுத்து, வண்டியில் ஏறிப் போனார்கள்.

அந்தத் தளம் முப்பது வருஷத்துக்கும் மேல் பழையது. கோவில்பட்டியில் ரயில் பாதைக்கு மேற்கே ரெவின்யூ காலனி உருவானபோது அந்த வீட்டைக் கட்டியவர் ஓய்வுபெற்ற தாசில்தார்; ஜெயகிருஷ்ணன் அதைப் பின்னால் வாங்கியவன். மழைக்காலத்தில் செருப்போடு ஒட்டி வருகிற கரிசல் மண் அவருக்குப் பிடிக்காது. வீட்டுக்கு ஆழமாக அஸ்திவாரம் போட்டவர், சுற்றுத் தளத்துக்கு அந்தச் சிரமம் எடுக்கவில்லை. கரிசலை அள்ளிவிட்டுச் சரள் மண் நிரப்ப வேண்டிய இடத்தில், கரிசலின் மேலேயே ஜல்லியும் சிமெண்டும் கொட்டச் சொன்னார். காலனியில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். கரிசல் மழைக்கு உப்பியது, வெயிலுக்குச் சுருங்கியது. வீடுகள் அசையாமல் நிற்க, தளங்கள் பாளம் பாளமாகப் பிரிந்தன. வருஷாவருஷம் மாசியில் காலனி ஆண்கள் வாளியில் சிமெண்டுப் பால் கரைத்து வெடிப்பில் ஊற்றுவார்கள். வைகாசிக்குள் அதற்குப் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். சாவிகள், கரண்டிகள், கோழிக்குஞ்சுகள், சுகுணாவின் மாமனாருடைய கைத்தடி எல்லாம் உள்ளே போயிருந்தன. அவற்றில் எதுவும் அதுவரை பேசியதில்லை.

முதல் வருஷம் காலனிப் பெண்கள் மத்தியான வேளையில் கிழக்குச் சந்தில் வந்து உட்கார்ந்து மாரிசெல்வியிடம் பேசினார்கள். உள்ளே இருட்டா என்று கேட்டால், "கண்ண மூடிட்டு இருக்கேன், தெரியல" என்பாள். பசிக்கவில்லை, தாகம் மட்டும் எடுக்கிறது என்றாள். சுகுணா, "ஏட்டி, வாடகை இல்லாம இருக்க, நீ குடுத்து வச்சவ" என்று சொல்ல, உள்ளேயிருந்து, "நீயும் வாக்கா, எடம் கெடக்கு" என்று பதில் வந்தது. ஐப்பசி மழையில் கரிசல் உப்பி வெடிப்பு மூடிக்கொண்டது; பேச்சும் நின்றது. ஜெயகிருஷ்ணன் கார்த்திகை, மார்கழி, தை முழுவதும் யாரோடும் அதிகம் பேசவில்லை. மாசிக் கடைசியில் தளத்தில் நூல் மாதிரி ஒரு கோடு விழுந்தது. அதன் வழியாக மாரிசெல்வி, "ஏங்க, நேத்து வச்ச புளிக்கொழம்ப சுண்ட வச்சீங்களா?" என்று கேட்டாள். இடையில் போன மாதங்கள் அவளிடம் இல்லை. அடுத்த மாசியிலும், அதற்கடுத்த மாசியிலும் இதே புளிக்குழம்பைக் கேட்டாள். சுண்ட வைத்ததாக அவன் சொன்னான்.

தண்ணீர் விஷயம் இரண்டாம் வருஷம்தான் பிடிபட்டது. அவள் கேட்கும்போதெல்லாம் அவன் செம்பு செம்பாக ஊற்றினான். மூன்றாம் நாள் வெடிப்பு இரண்டு விரலுக்குச் சுருங்கி, அவள் குரல் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஆகிவிட்டது. கரிசல் தண்ணீரைக் கண்டால் உப்பும் என்பது கோவில்பட்டியில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தன் கை ஊற்றும் தண்ணீருக்கும் அது உப்பும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஊற்றுவதை நிறுத்தினான். வெயில் ஒரு வாரம் அடித்ததும் வெடிப்பு அகன்றது, குரல் தெளிந்தது. அதற்குப் பிறகு நனைத்த துணியை நூலில் கட்டி இறக்கினான். துணி ஒவ்வொரு முறையும் காய்ந்து மேலே வந்தது. மாரிசெல்விக்குக் கணக்கு புரிந்துவிட்டது. "நான் பேசணுமா, குடிக்கணுமா, ஒண்ணு சொல்லுங்க" என்றாள். அவன் நாளைக்குச் சொல்வதாகச் சொன்னான். அந்தக் கோடை முழுவதும் துணிதான் போனது. ஆபீஸிலிருந்து வந்ததும் சந்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வான். மிஷின் பழுதானது, லேபிள் தப்பாக அச்சாகி வந்தது எல்லாவற்றையும் சொல்வான். அவள் உலர்ந்த நாக்கோடு கேட்டுக்கொண்டிருப்பாள். இடையிடையே, "ம்" என்பாள். அவள் குரல் நன்றாகக் கேட்ட வருஷம் அதுதான்.

அவன் அம்மா பெத்தம்மாள் ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து வந்தாள். சொந்த நிலத்தில் உளுந்தும் பாசியும் விதைக்கிற குடும்பம். வெடிப்புக்குள்ளிருந்து பேசுகிற மருமகளை வைத்துக்கொண்டு ஒற்றை ஆணாக அவன் இருப்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை. கழுகுமலையில் ஜெயப்பிரியா என்று ஒரு பெண் இருந்தாள். பெண் வீட்டார் மறுப்புச் சொல்லவில்லை; இறப்புச் சான்று மட்டும் கேட்டார்கள். சான்று தருகிற அலுவலர் நேரில் வந்து, கைக்குட்டையை விரித்துச் சந்தில் மண்டி போட்டு, "அம்மா, இருக்கீங்களா?" என்று கேட்டார். "இருக்கேன் சார்" என்றாள் மாரிசெல்வி. அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, ஒரு கோடை முழுக்கப் பேச்சில்லாமல் இருந்தால் கையெழுத்துப் போடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஏலே, தளத்த மாத்து" என்றாள் பெத்தம்மாள். வெடிப்புக்கு இரண்டடி தள்ளி நின்றுதான் சொன்னாள். "காலனியில பாதிப் பேரு மாத்தியாச்சி. நீ மட்டும் ஒடஞ்ச தளத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்க."

"அத்தை சொல்லுதது சரிதான்" என்றது வெடிப்பு.

பெத்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காலனியில் பழைய தளங்களை உடைத்துப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தவர் இன்னாசிராஜ் என்கிற கான்ட்ராக்டர். அவர் வந்து கம்பியால் குத்திப் பார்த்தார். நாலடிக்குக் கரிசலை அள்ளி வெளியே தட்டிவிட வேண்டும், சரள் நிரப்பித் திமிசு போட்டு இடித்து இறுக்க வேண்டும், அதன் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட வேண்டும் என்றார். "சொட்டுத் தண்ணி கீழ எறங்காது தம்பி. எறங்குனாத்தான கரிசல் ஆடும். ஒங்க காலத்துக்கும் வெடிக்காது." மாரிசெல்வி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு ஜெயகிருஷ்ணனைக் கூப்பிட்டாள்.

"சரளும் வேண்டாம், தாளும் வேண்டாம். தாசில்தாரு போட்ட மாதிரி கரிசல் மேலயே போடச் சொல்லுங்க."

"திரும்ப வெடிக்கும்."

"வெடிக்கட்டும். தளம் போட்டா பாத்தி கட்டி நாளு கணக்கா தண்ணி நிறுத்துவாங்கல்லா. அவ்வளவும் எனக்கு எறங்கும். ஒரே ஒரு தடவ வயிறு நெறையக் குடிச்சிட்டு ஒறங்குவேன். வெடிச்ச பெறகு வந்து ஒங்க ஆபீஸ் கதையக் கேக்குதேன். ஒங்களுக்கும் லாபம், எனக்கும் லாபம்."

அவள் சொன்னது நடக்கக் கூடியது. நாலைந்து வருஷம் அவள் தண்ணீரோடு தூங்குவாள். பிறகு ஒரு மாசியில் நூல் மாதிரி கோடு விழும். நேற்று வைத்த புளிக்குழம்பை அவள் கேட்பாள், அவன் சுண்ட வைத்ததாகச் சொல்வான். அவனுக்கு முப்பத்து மூன்று வயது. அலுமினியச் சட்டியில் தனக்கு மட்டும் சோறு பொங்கிப் பொங்கி, சட்டியின் அடி கறுத்துவிட்டது. அவன் எந்தப் பக்கம் முடிவெடுத்தான் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஆனி மாதம் இன்னாசிராஜின் ஆட்கள் இறங்கியபோது, ஒரு டிராக்டர் சரளும் ஒரு சுருள் கறுப்புத் தாளும் வாசலில் இறங்கின.

பிரேக்கர் மிஷின் பழைய தளத்தை ஒரே நாளில் உடைத்தது. கரிசலை அள்ள அள்ள, மாரிசெல்வியின் குரல் குழியின் அடியிலிருந்து வந்தது. எப்போதையும்விடப் பக்கத்தில், தெளிவாக. மண் சுமந்த சித்தாள் ஒருத்தி, "நல்லா இருக்கியளாக்கா?" என்று கேட்டாள். "இருக்கேன், நீ எந்த ஊரு?" என்றாள் மாரிசெல்வி. குளத்தூர் என்றதும், அங்கே தெரிந்த ஒருத்தரை விசாரித்தாள். முதல் வண்டிச் சரளைக் கொட்டியபோது, "ஏங்க, என்ன அது, சத்தம் பெருசா இருக்கு?" என்று கேட்டாள். ஜெயகிருஷ்ணன் குழி ஓரத்தில் நின்றிருந்தான்.

"ஜல்லி" என்றான்.

"கரிசல் மேலயே போடுதாங்களா?"

"ஆமா."

"தாளு விரிக்கலைல்லா?"

"இல்ல."

"தண்ணி கட்டுததுக்கு முந்தி ஒரு வார்த்த சொல்லுங்க. வாயத் தொறந்து வச்சிருக்கேன்."

"சரி" என்றான்.

இன்னாசிராஜ் அந்தப் பக்கம் திரும்பி நின்று சிகரெட் பற்றவைத்தார். திமிசு போடுகிற சத்தத்தில் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. தாள் விரித்தார்கள். விளிம்புகளில் ஒரு முழம் மேலேற்றி மடித்தார்கள். கம்பி கட்டி, கலவை மிஷின் வைத்து, மறுநாள் மத்தியானத்துக்குள் நாலு பக்கமும் போட்டு முடித்தார்கள். தளம் இறுகியதும் களிமண்ணால் பாத்தி கட்டி, லாரித் தண்ணீர் வாங்கி நிறுத்தினார்கள். நாலு பக்கமும் தண்ணீர் நின்றதில் வீடு ஒரு குளத்துக்கு நடுவில் இருப்பது போலத் தெரிந்தது. காக்கைகள் வந்து குளித்தன. வெயில் குடித்த அளவுக்குத் தினமும் காலையில் ஜெயகிருஷ்ணனே ஹோஸைப் பிடித்து நிரப்பினான். ஒரு சொட்டும் கீழே இறங்கவில்லை. வேலை சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்துக் காலனியில் மிச்சமிருந்தவர்களும் இன்னாசிராஜைக் கூப்பிட்டார்கள்.

அடுத்த கோடையில் தளத்தில் ஒரு கோடு கூட விழவில்லை. சுகுணா இரண்டு மூன்று மத்தியானம் சந்தில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, தளம் சுடுகிறது என்று எழுந்து போனாள். ஆடியில் அலுவலர் வந்தார். கைக்குட்டையை விரித்து மண்டி போட்டு, காதைத் தளத்தில் வைத்து, "அம்மா, இருக்கீங்களா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை கேட்டார். பிறகு எழுந்து, நல்ல வேலை, எந்தக் கான்ட்ராக்டர் என்று விசாரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஆவணியில் கழுகுமலையில் கல்யாணம் நடந்தது. கூட்டம் அதிகமில்லை. சாம்பாரில் உப்புக் கொஞ்சம் தூக்கல்.

ஜெயப்பிரியா வந்த வாரத்திலேயே கவனித்தாள். அடுப்படித் தரையில் வைக்கிற குடம் காலையில் காலியாக இருந்தது. ஒழுகல் இல்லை, தரையில் ஈரம் இல்லை. வாளியும் அப்படித்தான், பூஜைக்கு வைத்த செம்பும் அப்படித்தான். முழங்கால் உயரத்துக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் மேல் வைத்தால் தண்ணீர் அப்படியே இருந்தது. அவள் புருஷனிடம் சொன்னாள். அவன் தட்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டான். மறுநாள் ஆபீஸ் விட்டு வரும்போது ஆசாரியிடம் சொல்லி வீட்டில் இருக்கிற பாத்திரங்களுக்கெல்லாம் போதுமான ஸ்டூல்கள் செய்யச் சொன்னான். தரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி லாரி வந்துபோன மறுநாளே வறண்டதால், அதை மண் போட்டு மூடிவிட்டு மொட்டைமாடியில் தொட்டி வைத்தான். சுகுணாவும் மற்றவர்களும் அதுதான் சரி என்றார்கள். துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகும்படி இன்னாசிராஜ் செய்து கொடுத்தார்.

மறுவருஷம் ஜெயப்பிரியாவின் வளைகாப்புக்குக் கழுகுமலையிலிருந்தும் ஓட்டப்பிடாரத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். புதுத் தளத்தில் பந்தல் போட்டு, பாய் விரித்து, இலை போட்டார்கள். செருப்பை வெளியே விடச் சொல்கிற மாதிரியே, பெத்தம்மாள் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும், "தண்ணியக் கீழ வைக்காதீங்க" என்றாள். வந்தவர்கள் ஏன் என்று கேட்கவில்லை. இடது கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சாப்பிட்டார்கள்.