குறையாத பால்பவுடர் டப்பா

பால்பவுடர் டப்பா குறையவே இல்லை. என் சந்தேகம் அங்கதான் ஆரம்பிச்சுச்சு.

குறைஞ்சாத்தானே சந்தேகம் வரணும், குறையலைன்னா உனக்கு என்னடின்னு கேட்காதீங்க. என் மக சுமையாவுக்கு அப்ப நாலு மாசம். காலையில நான் ஒரு பாட்டில் கலந்து குடுத்துட்டு முத்துப்பேட்டையில பஸ் ஏறுனா, மன்னார்குடியில பி.எட். வகுப்பு முடிஞ்சு வீட்டுக்கு வர நாலரை ஆயிடும். இடையில ரெண்டு பாட்டில் வீட்டுல உள்ளவுங்க குடுக்கணும். ரெண்டுக்கும் சேர்த்து எட்டுக் கரண்டி பவுடர். திங்கக்கிழமை சாயங்காலம் வந்து மூடியைத் திறக்குறேன், காலையில வச்ச மட்டத்துலயே இருக்கு.

சரி, நம்ம கண்ணுதான் கோளாறுன்னு விட்டேன். செவ்வாய்க்கிழமை பவுடரைக் கரண்டியால தட்டிச் சமமாக்கி, நடுவுல விரலால ஒரு பிறை போட்டு மூடிட்டுப் போனேன். திரும்பி வந்தா பிறை கலையாம அப்படியே இருக்கு! பாட்டில் மட்டும் கழுவிக் கவுத்து ஈரமா இருக்கு. புள்ளையோ வயிறு கும்முனு இருக்க, கையைக் காலை ஆட்டிச் சிரிக்குது.

அப்ப எம்புள்ளை வயித்துக்குள்ள என்னதான் போகுது?

எனக்குப் பால் இல்லாமப் போன கதையைச் சொல்லிடுறேன். பிரசவமாகி இருபதாம் நாள் மார்ல கட்டி வந்து சீழ் புடிச்சுச்சு. ஆஸ்பத்திரியில கீறி எடுத்தாங்க. காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்சப்ப பால் வத்திப் போச்சு. டாக்டரம்மாவே எழுதிக் குடுத்த பவுடர்தான் இது. அந்தச் சீட்டை எங்க தெருவுல யாரு படிக்குறா? புள்ளை பார்க்க வர்றவுங்க மொதல்ல பாட்டிலைத்தான் பார்ப்பாங்க. "ஆஷிகாவுக்குப் படிப்புல்ல முக்கியம்"னு ஒருத்தி சொல்லுவா, இன்னொருத்தி உச்சுக் கொட்டுவா.

அதுல மொத ஆளு ஜஸீலா லாத்தா. என் வீட்டுக்காரர் ஜாபிரோட அக்கா. அவுங்க மாப்பிள்ளை துபாய்ல. பத்து மாசப் பையன் ஜாஹித்தோட உம்மா வீட்டுலயே, அதாவது எங்க கூடவே இருக்காங்க. அவன் இன்னும் தாய்ப்பால்தான். "நீ பெத்தது புள்ளையா, டப்பாவா?"ன்னு வந்தவுங்க முன்னாடியே என்னைக் கேட்பாங்க. குழாயைத் திறந்து விட்டுட்டுக் குளியலறையில நின்னு அழுதிருக்கேன். அந்த வாயைத் தைச்சு விட்டா என்னன்னு நெனச்சிருக்கேன், பொய் சொல்ல மாட்டேன்.

சந்தேகம் மொதல்ல மாமி மேலதான் போச்சு. மாமின்னா என் மாமியார் ஹமீதா பானு. பவுடருக்குப் பதிலா கஞ்சித் தண்ணி குடுக்குறாங்களோ, மாட்டுப்பால் குடுக்குறாங்களோன்னு அடுப்படியில ஒரு பாத்திரம் விடாம மோந்து பார்த்தேன்.

"மாமி, மத்தியானம் புள்ளைக்கு நீங்களா பால் கலந்தீங்க?"

"ஜஸீலா கலந்து குடுத்தா. நான் லுஹர் தொழுதுட்டுக் கொஞ்சம் படுத்தேன். ஏன், என்ன?"

"ஒண்ணுமில்ல மாமி."

புள்ளையைத் தூக்கி மோந்தேன். கன்னத்துல வெந்தய வாடை. எங்க வீட்டுல வெந்தயக் கஞ்சி குடிக்குற ஆளு ஒருத்திதான், பால் நல்லா ஊறணும்னு. லாத்தாவா? சீ, அப்படியெல்லாம் இருக்காதுன்னு என்னை நானே திட்டிக்கிட்டேன்.

இதுக்கு நடுவுல, வர்ற வெள்ளிக்கிழமை மாமியோட அண்ணன் மீரா சாகிப் மாமா சென்னையிலேர்ந்து வர்றாங்க. அவுங்க முன்னாடி ஜாஹித்துக்கு சுமையாதான்னு பேசி, ரெண்டு புள்ளைக வாயிலயும் சீனி போட்டு நிச்சயம் பண்றதா மாமி முடிவு பண்ணியிருந்தாங்க. இந்தக் குடும்பத்துல சீனி போட்டா போட்டதுதான், பேச்சை மாத்த முடியாது. நான் வெளியூர்ல இருக்குற ஜாபிர்கிட்ட போன்ல சண்டை போட்டுப் பார்த்துட்டேன். "உம்மா ஆசைப்படுறாங்க, விடேன்"னுட்டாரு. நாலு மாசப் புள்ளைக்கு மாப்பிள்ளை! அவ வளர்ந்து என்ன படிப்பா, யாரைப் புடிக்கும்னு யாருக்குத் தெரியும்? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மறிக்கத்தான் வழி தெரியலை.

புதன்கிழமை பஸ்ஸு பாதி தூரம்தான் போச்சு. அறுத்த நெல்லை ஈரம்னு கொள்முதல் நிலையத்துல எடுக்கலைன்னு ரோட்டுல நெல்லைக் கொட்டி மறியல். டிரைவர் வண்டியைத் திருப்பிட்டாரு. பத்தரை மணிக்கெல்லாம் வீட்டு வாசல்ல நிக்குறேன். மாமி பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தாங்க. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, திருடி மாதிரி சத்தமில்லாம உள்ள போனேன். என் வீட்டுக்குள்ள நானே!

லாத்தா கட்டில்ல உட்கார்ந்திருக்காங்க. மடியில என் சுமையா, மார்ல வாய் வச்சுக் குடிக்குது.

"எம்புள்ளையைக் குடு!"ன்னு பாய்ஞ்சு புடுங்கிட்டேன். புள்ளை வீறுன்னு கத்துது. "எத்தனை நாளா நடக்குது இது? வாயால என்னைக் கொன்னது பத்தலையா? என் புள்ளையையும் எடுத்துக்கணுமா உங்களுக்கு?"

"கத்தாதே ஆஷிகா. நாலு தடவை முடிஞ்சிருச்சு. இது அஞ்சாவது."

அந்த எண்ணிக்கை எனக்குப் புரிஞ்சுது. எங்க மார்க்கத்துல ஒரு பொம்பளைகிட்ட அஞ்சு தடவை வயிறாரப் பால் குடிச்ச புள்ளை, அவளுக்குப் பால்குடிப் புள்ளை. அவ பெத்ததுகளுக்குக் கூடப் பிறந்தது மாதிரி. அதுகளுக்குள்ள நிக்காஹ் கூடவே கூடாது.

"தெரிஞ்சா செய்றீங்க?"

"தெரிஞ்சுதான். ஒன்பது மாசத்துல எனக்குச் சீனி போட்டாங்க. பத்தொன்பது வயசுல அந்தச் சீனிக்காகக் கட்டி வச்சாங்க. அவருக்கு என்னைப் புடிக்கலை, எனக்கும் அவரைப் புடிக்கலை. இத்தனை வருசத்துல ஒரு நாள் சேர்ந்து சிரிச்சதில்லை. என் ஜாஹித்துக்கும் அது வேணாம், உன் சுமையாவுக்கும் வேணாம்."

"அப்ப ஏன் ஊரு முன்னாடி என்னை அந்தப் பேச்சுப் பேசுனீங்க?"

லாத்தா தலையைக் குனிஞ்சாங்க. "ஆரம்பத்துல கொழுப்புலதான் பேசுனேன், மன்னிச்சுக்க. பெறகு இந்த யோசனை வந்ததும் வேணும்னே பேசுனேன். பவுடரைக் கண்டா ஆகாத பைத்தியக்காரின்னு பேரு இருந்தாத்தான், வெசயம் தெரியுறப்ப பாசத்துல குடுத்துட்டான்னு விடுவாங்க. வேணும்னு செஞ்சேன்னு தெரிஞ்சா உம்மா என்னை இந்த வீட்டுல வச்சிருக்க மாட்டாங்க."

"உங்க தந்திரத்துக்கு மிதிக்க என் நெஞ்சுதான் கிடைச்சுதா?"

 கையில புள்ளை பசியில துடிக்குது, தலையைத் திருப்பி லாத்தா பக்கமே தேடுது. அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. டப்பா அலமாரியில இருக்கு. நாலு கரண்டி போட்டுக் கலக்கினா ரெண்டு நிமிசம். கலக்கிக் குடுத்துட்டா அஞ்சாவது தடவை நிறையாது, எம்புள்ளை எனக்கு மட்டும் புள்ளை, வெள்ளிக்கிழமை அது வாயில சீனி.

அலமாரியைப் பார்த்தேன். புள்ளையைப் பார்த்தேன். நானே கொண்டு போய் லாத்தா மடியில போட்டேன். "வயிறு நிறையக் குடுங்க"ன்னு சொல்லிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்னு அழுதேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு, சாப்பாடு முடிஞ்சு, மாமி சீனிக் கிண்ணத்தோட வந்து உட்கார்ந்தாங்க. மீரா சாகிப் மாமா தொண்டையைச் செருமினாங்க. அப்பத்தான் லாத்தா, "உம்மா, நான் சுமையாவுக்குப் பால் குடுத்திருக்கேன், அஞ்சு தடவை"ன்னாங்க. குரலு கிணத்துக்குள்ளேர்ந்து வந்த மாதிரி இருந்துச்சு.

மாமி கிண்ணத்தைக் கீழ வைக்கலை. மகளை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "அஞ்சா? எண்ணிக்கிட்டா குடுத்தே? வேணும்னு செஞ்சியாடி?"

லாத்தா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. இன்னொரு கேள்வி கேட்டா அழுது எல்லாத்தையும் கக்கிடுவாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது. மூணு மாசமா எந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன்னு ஊரோட மல்லுக்கு நின்னேனோ, அதை நானே சொன்னேன்.

"நான்தான் மாமி கெஞ்சிக் கேட்டேன். பவுடர் புள்ளைக்கு ஒத்துக்கலை. பெத்தவ என்னால குடுக்க முடியலை. என் மேலதான் தப்பு."

"அப்ப அண்ணன் தங்கச்சியாச்சே. இனி பேச ஒண்ணுமில்ல ஹமீதா"ன்னு மாமா எந்திரிச்சுட்டாங்க.

"ஒரு வாய்ப் பாலுக்கு வக்கில்லாதவளாலே என் நெனப்பெல்லாம் மண்ணாப் போச்சே"ன்னு மாமி சொன்னாங்க. சுருக்குன்னு தைச்சுது. வாங்கிக்கிட்டேன்.

அந்நேரம் பார்த்து சுமையா பசிக்கு அழுதுச்சு. லாத்தா என்னைப் பார்த்தாங்க, எந்திரிக்கலை. நான் போய் டப்பாவை எடுத்தேன். எல்லார் கண்ணு முன்னாடியும் நாலு கரண்டி போட்டுக் குலுக்கி, மடியில போட்டுக் குடுத்தேன். மடக்கு மடக்குன்னு குடிக்குது.

மாமி பாட்டிலைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, மகளைப் பார்த்தாங்க. கண்ணு சுருங்குச்சு.

"ஒத்துக்கலைன்னு சொன்னியே?"

"இப்ப ஒத்துக்குது மாமி"ன்னேன்.