டெரன்ஸுக்கு ஒரு கோப்பை பீர்

டெரன்ஸ் அழுவதை முதல் தடவை பார்த்தபோது மக்வாலாவும் கூடச் சேர்ந்து அழுதாள். இப்போது அதை நினைத்தால் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாமா என்று இருக்கிறது அவளுக்கு.

மனுஷன் எதற்கெடுத்தாலும் அழுவார். ருஸ்தவேலி சாலையில் பாராளுமன்றத்துக்கு எதிரே ஜனங்கள் கூடிப் பாடினால் அழுவார். கண்ணீர்ப்புகைக்கு நடுவே ஒரு கிழவர் முன்பின் தெரியாத பெண்ணுக்குக் கைக்குட்டையை நீட்டினால் அழுவார். அரசாங்கத்தின் மேல் ஜார்ஜியத் தலைநகர் திபிலீசியே கொதித்துக்கொண்டிருந்த குளிர்காலம் அது. லண்டனிலிருந்து வந்து மக்வாலாவின் மாடி அறையில் குடியேறி, எங்கள் கொடியைச் சால்வை மாதிரி போர்த்திக்கொண்டு திரிந்தார். பெயர் டெரன்ஸ். ஆனால் எங்கள் வழக்கப்படி வாலை நீட்டி 'டெரன்ஸி' என்று கூப்பிட்டால்தான் முகம் மலரும். எழுத்தாளர். எங்களைப் பற்றி உலகத்துக்கு எழுத வந்தவர்.

"உங்க மாதிரி ஜனங்களை நான் எங்கயும் பாத்ததில்ல மக்வாலா. அடி வாங்கிட்டே பாடுறீங்க!" என்பார்.

ஹோட்டல் வரவேற்பில் பதினைந்து வருஷம் நின்றவள் மக்வாலா. ஆங்கிலம் சரளமாக வரும், ஆளை எடைபோடவும் வரும். அப்படிப்பட்டவளே ஏமாந்தாள். பின்னே? ஒருவன் உன் நாட்டைத் தலையில் தூக்கிவைத்து ஆடினால் உச்சி குளிராதா?

அவளுக்குக் கூடப்பிறந்தவன் தம்பி பச்சானா ஒருவன்தான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற பையன். அம்மா போனபின் அவனைத் தோளில் போட்டு வளர்த்தவள் இவள். வேலை முடிந்ததும் நேரே ருஸ்தவேலிக்குப் போவான். புகைக்குண்டு வந்து விழுந்தால் அதை இடுக்கியால் பிடித்துத் தண்ணீர் வாளியில் அமுக்கி அணைக்கிற வேலை அவனுடையது. வீசுகிற வேலை இல்லை, அணைக்கிற வேலை.

பார்பரே திருநாள் வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வீடு பயறு அடைத்த ரொட்டி சுடுவோம். டெரன்ஸ் அதையும் புகழ்ந்து புகழ்ந்து தின்றார். அன்று மாலையே வயிறு கலங்கிவிட்டது. ராத்திரி முழுக்கக் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்த மனுஷனுக்கு மக்வாலா சூப் வைத்துக் கொடுத்தாள், வெந்நீர் கொடுத்தாள், முதுகைத் தடவிவிட்டாள். காலையில் பச்சானா புகைநாற்றத்தோடு வந்து, வாளியில் குண்டு 'புஸ்ஸ்' என்று அடங்கியதை நடித்துக் காட்டினான். போர்வைக்குள்ளிருந்து டெரன்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார். அழவும் செய்தார்.

அடுத்த வாரம் அவருடைய கட்டுரை வந்தது. 'நான் என் கண்ணால் கண்டேன்' என்று ஆரம்பம். பார்பரே இரவில், பச்சானா என்ற லிஃப்ட் மெக்கானிக், புகைந்துகொண்டிருந்த குண்டை வெறும் கையால் எடுத்துப் போலீஸ் வரிசையின் மேல் எறிந்தானாம். எறிந்துவிட்டுச் சிங்கம்போல நின்றானாம். பெயர் இருந்தது, தொழில் இருந்தது, தெரு இருந்தது. இல்லாதது உண்மை ஒன்றுதான்.

மூன்றாம் நாள் வந்து பையனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீதிமன்றத்தில் அரசு வக்கீல் அந்தக் கட்டுரையை மொழிபெயர்த்து, ரசித்து ரசித்து வாசித்தார். இந்த எழுத்தாளர் அன்றிரவு என் வீட்டில் வயிற்றுப்போக்கோடு கிடந்தார் என்று மக்வாலா கூண்டேறிச் சொன்னாள். தம்பிக்காக அக்கா வேறென்ன சொல்வாள் என்று நீதிபதி கையை உதறிவிட்டார். நாலரை வருஷம் சிறை. அன்றைக்கு டெரன்ஸ் ஊரில் இல்லை. மனசு தாங்காது என்று மலைப்பக்கம் போயிருந்தார்.

திரும்பி வந்தவரை மக்வாலா படிக்கட்டிலேயே மறித்தாள்.

"அப்பீல் போட்டிருக்கோம். நீங்க ஒரு வாக்குமூலம் கொடுங்க போதும். அன்னைக்கு நான் அங்க இல்ல, கேள்விப்பட்டதை மாத்தி எழுதினேன்னு ரெண்டு வரி."

டெரன்ஸ் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் பொத்திக்கொண்டார். "மக்வாலா, அப்படிச் சொன்னா அவனைச் சின்னவனாக்கின மாதிரி ஆயிடும். உங்க தம்பி இப்ப வெறும் பையன் இல்ல. ஒரு தேசத்தோட அடையாளம்."

"அடையாளத்துக்குப் பல் வலிக்குமா? அவனுக்கு வலிக்குது. கன்னம் இவ்ளோ பெருசா வீங்கிக் கிடக்கு. உள்ள டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"இதை நான் புத்தகத்துல சேத்துக்கலாமா?" என்று கேட்டார் டெரன்ஸ். கண் கலங்கியிருந்தது.

கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். அந்த நிமிஷத்திலிருந்து அவள் வயிற்றில் பற்றிய நெருப்பு அணையவே இல்லை. ஆனால் அவரை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. காலையில் காப்பி கொடுத்தாள், சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள், சிரித்தாள். கறுவிக்கொண்டே சிரிப்பது எப்படி என்று ஹோட்டல் வேலை கற்றுக்கொடுத்திருந்தது. இரு, உன்னை உன் வாயாலேயே அறுக்கிறேன் என்று தினமும் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்பீல் போட்ட வக்கீல் ஷொரேனாவும் அதையேதான் சொன்னாள். "நீ சொன்னா செல்லாது அக்கா. அந்த ஆள் வாயால வரணும். அதுவும் அவரே ஊரறியச் சொல்லியிருந்தா, யாரும் மறுக்க முடியாது."

மார்ச் மாதம் புத்தகம் முடிந்துவிட்டது, ஊருக்குக் கிளம்புகிறேன் என்றார் டெரன்ஸ். போவதற்கு முன் ஒரு விருந்து வேண்டுமாம், ஜார்ஜிய முறைப்படி. வாஷா மாமாதான் தமதாவாக, அதாவது விருந்துத் தலைவராக இருந்து வாழ்த்துகளை நடத்தித்தர வேண்டுமாம்.

"வச்சிட்டாப் போச்சு" என்றாள் மக்வாலா.

வாஷா மாமா அவளுடைய அம்மாவின் தம்பி, டாக்சி ஓட்டுகிறவர். மேஜையின் தலைமாட்டில் அவர் எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னால் பக்கத்துக் கட்டிடத்திலும் கோப்பையைத் தூக்குவார்கள். வீட்டுக்கு வந்தவர்மேல் ஒரு சுடுசொல் விழுந்தால் மூன்று நாள் சாப்பிடமாட்டார். அவரிடம் போய் மக்வாலா மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, அன்னைக்கு அந்த ஆளுக்கு நான் பீர்லதான் வாழ்த்துச் சொல்லப்போறேன்."

மாமா ஸ்டியரிங்கைத் தட்டினார். "ஏண்டி, உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா? வாழ்த்துன்னா ஒயின். பீரைத் தூக்கி யாருக்குச் சொல்லுவோம்?"

"விரோதிக்கு."

"தெரியுதுல்ல? என் மேஜைக்குப் பீர் வராது. பச்சானா எனக்கும் மருமகன்தான். எனக்கும் எரியுது. ஆனா நாம உப்புப் போட்டுச் சோறு வச்ச ஆளை மேஜையில உக்காரவச்சு அவமானப்படுத்தமாட்டேன். என் செத்த அப்பா மேல ஆணை."

சரி மாமா என்று சொல்லிவிட்டு மக்வாலா வந்தாள். வரும் வழியில் ஒரு பெட்டி பீர் வாங்கினாள். சமையலறையில் மாவுச்சாக்குக்குப் பின்னால் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முற்றத்தில் மேஜை போட்டார்கள். வால்நட் விழுது தடவிய கத்தரிக்காய், பாலாடைக்கட்டி ரொட்டி, கோழி, நடுவே மண்குடுவையில் ஒயின். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்திருந்தார்கள். டெரன்ஸ் வழக்கம்போலத் தன் போனைக் குடுவையில் சாய்த்துவைத்து, தன் முகம் நன்றாக விழுகிறதா என்று பார்த்து, வீடியோப் படம் எடுக்க விட்டார். எது நடந்தாலும் தன் இணையப் பக்கத்தில் போட்டுவிட வேண்டும் அவருக்கு.

மாமா சமாதானத்துக்கு வாழ்த்தினார், நாட்டுக்கு வாழ்த்தினார், செத்தவர்களுக்கு வாழ்த்தினார். அப்புறம், "உள்ள இருக்கிற நம்ம பிள்ளைங்களுக்கு" என்றார். எல்லாரும் எழுந்து குடித்தார்கள். "அலாவெர்தி, டெரன்ஸி!" என்று மாமா வாழ்த்தை அவர் கையில் ஒப்படைத்தார். அப்படி ஒப்படைத்தால் எழுந்து பேசியே தீர வேண்டும்.

டெரன்ஸ் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்து ஆங்கிலத்தில் வாசித்தார். வாசித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"என்னடி சொல்றார்?" என்று மாமா கேட்டார்.

மக்வாலா ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. "பச்சானா சிறைக்குள்ள போறதோட என் புத்தகம் முடியுது. அவன் வெளிய வந்துட்டா கதை சப்புன்னு போயிடும். இதைவிட நல்ல முடிவு எனக்குக் கிடைச்சிருக்காது. அதுக்கு உங்க எல்லாருக்கும் நன்றின்னு சொல்றார்."

மாமாவின் முகத்தில் ரத்தம் ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒயின் கோப்பையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"மக்வாலா" என்றார். "போய்ப் பீர் எடுத்துட்டு வா."

பக்கத்து வீட்டு சியாலா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். மக்வாலாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடிப்போய்ப் பெட்டியையே தூக்கி வந்தாள். ஒவ்வொருவர் கோப்பையிலும் நுரை பொங்கப் பொங்க ஊற்றினாள். டெரன்ஸுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சுற்றுலாக் கையேட்டில்கூட அச்சடித்திருக்கிற சங்கதி இது. ஆனால் மனுஷன் கையேடு படிக்கிற ரகம் இல்லையே, எழுதுகிற ரகம். எல்லாரும் தனக்காக எழுந்து நிற்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரிந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

மக்வாலா கோப்பையைத் தூக்கினாள். அவருக்குப் புரிகிற மாதிரி சின்னச் சின்ன வார்த்தையாக, ஜார்ஜிய மொழியில் கேட்டாள். "டெரன்ஸி, நம்ம பாஷையிலயே சொல்லுங்க. பார்பரே ராத்திரி நீங்க எங்க இருந்தீங்க?"

எங்கள் பாஷையில் பேசிக் காட்டுவது என்றால் அவருக்கு அவ்வளவு ஆசை. நாலு கோப்பை ஒயின் வேறு உள்ளே போயிருந்தது. அவர் ஊரில் யாருக்கும் இந்தப் பாஷை புரியாது என்ற தைரியமும் இருந்திருக்கும்.

"பார்பரே ராத்திரி! நான் இங்க! இந்த வீடு!" என்று தரையைக் காட்டினார். "பயறு ரொட்டி நிறைய, நிறைய! வயிறு போச்சு! மக்வாலா சூப். மக்வாலா என் அம்மா!"

"தெருவுக்குப் போகலையா?" என்று மாமா கேட்டார். குரல் தேன் மாதிரி இருந்தது.

"தெரு? இல்ல இல்ல! கால் நடக்காது! கட்டில், கக்கூஸ், கட்டில், கக்கூஸ்!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு கூடக் கூட அவருக்கு உற்சாகமும் கூடியது.

"அப்ப பச்சானாவை எப்பப் பாத்தீங்க?" என்றாள் மக்வாலா.

"காலையில! பச்சானா வந்தான், சொன்னான். வாளி, தண்ணி, குண்டு..." டெரன்ஸ் குனிந்து, இல்லாத வாளிக்குள் இல்லாத குண்டை அமுக்கிக் காட்டினார். "புஸ்ஸ்!"

"டெரன்ஸிக்கு!" என்று மாமா முழங்கினார்.

"டெரன்ஸிக்கு!" என்று முற்றமே பீரைத் தூக்கியது. அவரும் தூக்கினார், தனக்கே. மடமடவென்று குடித்துவிட்டு அழுதார்.

மறுநாள் விமானம் ஏறுவதற்குள் படத்தைத் தன் பக்கத்தில் போட்டுவிட்டார். தன் முகம் வருகிற எதையும் வெட்டித் தள்ள மனசு வராது அந்த மனுஷனுக்கு. முழுசாகப் போட்டார். 'என் ஜார்ஜியக் குடும்பம் எனக்கு விடைகொடுத்தது' என்று தலைப்பு வேறு. சாயங்காலத்துக்குள் நாடே பார்த்துவிட்டது. பஸ்ஸில், சந்தையில், சலூனில், யாரைப் பார்த்தாலும் 'கட்டில், கக்கூஸ்'தான்.

அப்பீல் கோர்ட்டில் ஷொரேனா அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினாள். சுருக்கெழுத்துக்காரி பேனாவை வாயில் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். கண்ணாடிக் கூண்டுக்குள் பச்சானா வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வலியோடு வலியாகச் சிரித்தான். அரசு வக்கீல் மட்டும் கூரையைப் பார்த்தார். கண்ணால் கண்ட சாட்சி கக்கூஸில் இருந்ததாகத் தானே சொல்லிவிட்டபின் வழக்கில் என்ன மிச்சம்? கூடவே சாட்டியிருந்த, சாலையை மறித்த குற்றம் மட்டும் நின்றது. இதுவரை உள்ளே இருந்த காலமே அதற்குப் போதும் என்று முடித்தார்கள்.

பச்சானா வீட்டுக்கு வந்த வாரம் லண்டனிலிருந்து போன் வந்தது. டெரன்ஸ்தான். புத்தகத்தை நிறுத்திவிட்டார்களாம். எழுதினதெல்லாம் பொய் என்று அந்த ஊர்ப் பத்திரிகை கிழிகிழியென்று கிழிக்கிறதாம்.

"எனக்கு ஏன் இப்படிப் பண்ணீங்க மக்வாலா? உங்க நாட்டை நான் எவ்வளவு நேசிச்சேன்!" அழுகிற சத்தம் கேட்டது.

மக்வாலா கதவு வழியே முற்றத்தைப் பார்த்தாள். பல்லைப் பிடுங்கிய பொக்கை வாயோடு தம்பி உட்கார்ந்து, ரொட்டியைச் சூப்பில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். அழ வேண்டும்போல இருந்தது. அழவில்லை.

"தெரியும் டெரன்ஸி" என்றாள், ஹோட்டல்காரக் குரலில், மரியாதையாக. "இன்னொரு தடவை கண்டிப்பா வாங்க. பெட்டியில கொஞ்சம் பீர் மிச்சம் இருக்கு."