அளவுச் சீட்டின் பின்பக்கம்

கணவர் வேலை பார்க்கும் கப்பலிலிருந்து பத்தொன்பது நாளாகத் தகவல் இல்லை. அவள் அனுப்பிய செய்திகளெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றிருந்தன.

தையல் கடையில் அவளுக்குப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் வேலை. எதிர் மேசையில் துணி வெட்டுபவள் அவளுடைய நாத்தனார். கணவருக்காக இருவரும் தைத்த நீலச் சட்டை, பொத்தான் மட்டும் பாக்கியாக ஹேங்கரில் தொங்கியது. யாராவது கதவைத் திறந்தால் காற்றில் அதன் கை ஆடும். அவளும் நிமிர்ந்து பார்ப்பாள்.

"அண்ணி, சாயங்காலம் ஜெபக்கூட்டம். வரீங்கதானே?"

"தலை வலிக்குது. நீ போ."

"போன வாரமும் இதே தலைதான் வலிச்சுது. வேற தலை தைச்சுத் தரவா?"

அண்ணி முறைத்துக்கொண்டே அவளோடு கிளம்பினாள். வாய் ஓயாமல் ஜெபித்துக்கொண்டிருந்தவள், பத்தாம் நாளோடு ஆண்டவரிடம் பேச்சை நிறுத்தியிருந்தாள். கேட்டும் கேட்காதவரிடம் என்ன பேச்சு?

பாஸ்டர் வீட்டு முன்னறையில் வழக்கம்போல் கூடை சுற்றி வந்தது. அவரவர் விண்ணப்பத்தைப் பெயர் போடாமல் எழுதிப் போட வேண்டும். பிறகு ஆளுக்கொரு சீட்டு எடுத்து, அதற்காக ஏழு நாள் ஜெபிக்க வேண்டும்.

"கைக்கு வந்தது வந்ததுதான். மாத்திக்கிறதுக்கு இது செருப்புக் கடை இல்ல" என்றார் பாஸ்டர்.

அவள் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தாள். கழுத்து பதினைந்தரை, தோள் பதினெட்டு, கை இருபத்துநாலு. நீலச் சட்டையின் அளவு!

திருப்பினாள். 'அண்ணி உம்மிடம் பேசுவதில்லை, ஆண்டவரே. கோபித்துக்கொண்டாவது உம் பக்கத்தில் வந்து உட்காரட்டும்.'

பக்கத்தில் இருந்த நாத்தனார் எட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, உங்களுக்கேவா வந்துச்சு? பேரு போடாமத்தான் எழுதினேன் அண்ணி."

"அளவைப் போட்டிருக்கியேடி!"

"அவசரத்துல வேற தாள் கிடைக்கல. குடுங்க, நான் வச்சுக்கறேன்."

"மாத்தக் கூடாதாம். இந்தப் பொம்பளைக்காக நான்தான் ஜெபிக்கணும்."

பத்தொன்பது நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். பாதியிலேயே சிரிப்பு உடைந்து அழுகையாயிற்று. அப்படியே முழங்காலிட்டாள்.

'ஆண்டவரே, ஓர் அண்ணி உம்மேல் கோபமாக இருக்கிறாள். கதவுச் சத்தம் கேட்டாலே நிமிர்ந்து பார்க்கிறாள். அவர் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. உமக்குத் தெரியும். அவரோடு இரும். இவளோடும் இரும். போக வேறு இடமில்லை, அப்பா...'

பதில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் தாய் மடியில் முகம் புதைத்த பிள்ளைபோல் விம்மல் மெல்ல அடங்கியது. எழுந்திருக்க மனமில்லை.

மறுநாளும் ஒற்றை டிக்தான். அவள் நீலச் சட்டையை மடியில் போட்டு முதல் பொத்தானைத் தைத்தாள்.

"மிச்சத்தையும் இன்னைக்கே தைச்சிடலாமே அண்ணி?"

"ஏழு பொத்தான், ஏழு நாள் ஜெபம். நாளைக்கு ஒண்ணு."

கடைக் கதவு திறந்தது. சட்டை மடியில் கிடந்ததால் கை ஆடவில்லை. ஆனாலும் நிமிர்ந்து பார்த்தாள்.