ஒற்றைக்கால் தடம்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பால்துரை மெஷின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தார். அவருடைய அண்ணன் ஜேசுதாசன் சர்க்கரை வியாதியில் இடது காலை இழந்து, 1992 தவக்காலத்தில் இறந்துபோனார். கடைசி மாதங்களில் தம்பி வீட்டில்தான் இருந்தார். தாகம் தாங்காமல் ஊன்றுகோலோடு அடுப்படித் தண்ணீர்ப் பானைக்கு ஓயாமல் வந்து போவார்.

அந்த வருடம் மில்லில் எல்லோருக்கும் ரத்தத்தில் சர்க்கரை பார்க்க ஆள் வந்தது. பால்துரை ஸ்பானரை எடுத்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

"எனக்கு என்ன செய்யுது? நல்லாத்தானே இருக்கேன்" என்றார் அன்று வீட்டில்.

"ஒங்க அண்ணாச்சியும் இப்படித்தான் சொன்னாவ" என்றாள் மனைவி செல்லத்தாய்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, பூசைக்குப் போய்விட்டு வந்த செல்லத்தாய் அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். சிமெண்டுத் தரையில் ரத்தக் காலடிகள். கொல்லை வாசலிலிருந்து பானை வரைக்கும் வந்து, அங்கே சற்று நின்றது போல ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பி, முன்னறைப் பக்கம் திரும்பியிருந்தன. எல்லாமே வலது கால். இடது கால் ஓரிடத்திலும் பதியவில்லை.

"ஏங்க, செத்த இங்க வாங்க."

நாற்காலியிலிருந்து எழுந்து வந்த பால்துரை தரையைப் பார்த்ததும் வெளிறிப்போனார்.

"யாரு வந்தா?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் வரலையே. கோழிக்கூண்டைப் பிரிச்சுப் போட்டுட்டு இப்பத்தான் தண்ணி குடிச்சிட்டு உக்காந்தேன்."

சிலுவை போட்டுக்கொண்டு, தடத்தைப் பார்த்தபடியே கொல்லைப் பக்கம் நடந்தார். பின்னால் போன செல்லத்தாய்க்கு உடம்பு சிலிர்த்தது. அவர் மிதித்து எடுத்த இடத்திலெல்லாம் புதுத் தடம் ஈரமாக விழுந்துகொண்டிருந்தது.

"நில்லுங்க. காலைத் தூக்குங்க."

வலது உள்ளங்காலில், விரல்களுக்குக் கீழே, கூண்டு ஆணி ஒன்று தலை வரைக்கும் இறங்கியிருந்தது.

"வலிக்கலையா?"

அவர் ஆணியைத் தொட்டுப் பார்த்தார். அசைத்தும் பார்த்தார்.

"ஏட்டி, இது எங்காலுதானா?"

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த டாக்டர், "சர்க்கரை வருசக்கணக்கா இருந்திருக்கு. சத்தங் காட்டாம இருக்கும். வருசத்துக்கு ஒருக்கா பார்த்திருந்தா கால் மரத்துப்போக விட்டிருக்க வேண்டாம்" என்றார். புண் புரையோடி இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது.

நடக்க முடிந்ததும் பால்துரை வத்திராயிருப்புக்குப் போய் இருதயம் என்ற தன் அக்காவை அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தார்.

"எனக்கு ஒரு நோவும் இல்லையேலே" என்றாள் அவள்.

"நோவு இல்லாததுதான்க்கா பயமா இருக்கு."

அவளுக்கும் இருந்தது. ஆரம்பம்தான், மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் போதும் என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் இருதயம் செருப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் காய்ந்திருந்த தகரத் தரையை உள்ளங்காலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "சுடுதுலே" என்றாள் ஒவ்வொரு தடவையும்.

பால்துரையும் செருப்பைக் கழற்றி, வலது காலை அதே தகரத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு காலை எடுத்துச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.