பாரவோன் மகளின் பெயர்

வேதத்தில் வரும் மோயீசனை, இங்கத்தைய ஆட்கள் மோசஸ் என்பவரை, ஆற்றிலிருந்து எடுத்து வளர்த்த எகிப்து ராசா பாரவோனின் மகளுக்கு என்ன பெயர் என்று என் கணவர் ஆறு வருடமாகத் தேடினார். வேலை வெட்டி இல்லாதவர் பார்க்கிற வேலை என்று நான் அவரைப் பேசாத நாள் கிடையாது. ஆனால் அவருக்கு வேலை இருந்தது. தலைமன்னாரில் ரயில்வே கிளார்க்காக இருந்த சவிரிமுத்து, லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக் காவலாளி. எகிப்து மண்டபத்தில் கல் ராசாக்களுக்கு நடுவில் நாள் முழுக்க நிற்பார். சனம் சிலைகளைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கால் மட்டும் உழைக்கிற வேலையில் மூளை சும்மா இருக்குமா?

நாங்கள் இருக்கும் சட்டனின் லைப்ரரியிலிருந்து தலையணை பருமனில் புத்தகங்களைக் கொண்டு வருவார். நான் மீன் கழுவும்போதுதான் அவருக்கு ஞானம் பிறக்கும்.

"இஞ்சாரும், சாலமோன் கோயில் கட்டத் தொடங்கினதுக்கு நானூற்றெண்பது வருசம் முந்தி எங்கட மோயீசன்ர ஆக்கள் எகிப்திலயிருந்து வெளிக்கிட்டவை எண்டு வேதத்தில கிடக்கு. அப்பிடிப் பாத்தால் ஹட்செப்சுட் எண்ட ராசாத்திதான் மோயீசனை வளத்திருக்க வேணும்."

அடுத்த மாதம் ராசாத்தி அவுட்.

"ராம்சேஸ் எண்ட பட்டினத்தைக் கட்டினவை எண்டும் எழுதிக் கிடக்கு. அப்ப அது பெரிய ராம்சேஸின்ர காலம். அந்தாளுக்குப் பொம்பிளைப் பிள்ளையளே ஐம்பது பேருக்குக் கிட்ட. அதில எது எண்டு பிடிக்கிறது?"

இன்னொரு நாள் முகம் வாடி வந்தார். எகிப்துக்காரர் செதுக்கிய கல் ஒன்றிலும் மோயீசனின் பெயரே இல்லை என்று படித்தாராம்.

"அப்ப விடுங்கோவன்" என்றேன்.

"விடேலாது" என்றார்.

ஏன் விட முடியாது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. அதைச் சொல்லுமுன் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஷாமினி நான் பெற்ற பிள்ளை இல்லை. என் தங்கை மேரிறோஸ் பெற்றவள். எண்பத்தைந்தில் மேரிறோஸின் புருஷனை ஆமி பிடித்துக்கொண்டு போனது. பிள்ளைக்கு அப்போது ஏழு மாதம். "நான் அவரைத் தேட வேணும் அக்கா, கைக்குழந்தையோட காம்ப் காம்பாய்த் திரியேலாது" என்று சொல்லிப் பிள்ளையை என் மடியில் வைத்தாள். எனக்கு இரண்டு தரம் பிள்ளை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. நாங்கள் லண்டனுக்கு வெளிக்கிடுகிற நேரம். எப்படியோ ஆளைப் பிடித்து, பிள்ளை எனக்குப் பிறந்ததாகப் பத்திரம் எடுத்து, என் பாஸ்போட்டில் அவள் பெயரையும் ஏற்றினேன். எங்கள் ஊரில் நான் ஒருத்திதான் இப்படிச் செய்தவள் என்று நினைக்க வேண்டாம்.

மேரிறோஸ் புருஷனைக் கண்டுபிடிக்கவில்லை. தொண்ணூறில் படகேறி ராமேஸ்வரம் போனாள், மண்டபம் முகாமில் இருந்தாள். தொண்ணூற்று நான்கு தை மாதம், ஆட்களை வெளிநாட்டுக்குக் கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரனின் புண்ணியத்தில் ஹீத்ரோவில் வந்து இறங்கினாள். வருமுன்னரே போனில் நான் அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டேன்.

"பேப்பரில ஷாமினி என்ர பிள்ளை. நீ சின்னம்மா. வாய் தவறிக்கூட ஒண்டும் சொல்லக் கூடாது. இஞ்ச விசா பாக்கிற ஹோம் ஒபிஸ் அறிஞ்சால் எல்லாரையும் ஊருக்குத் திருப்பி ஏத்திப்போடும்."

"ஓம் அக்கா" என்றாள். அந்த ஒரு சொல்தான்.

ஹோம் ஒபிஸ் பயம் பாதிதான். மற்றப் பாதியை நான் யாருக்கும் சொல்லவில்லை. ஒன்பது வருடம் என்னை அம்மா என்று கூப்பிட்ட பிள்ளை, ஒரு நாள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டால் நான் உயிரோடு இருப்பேனா?

மேரிறோஸ் சொன்ன சொல் தவறவில்லை. சின்ன அறையில் படுத்தாள், பிள்ளைக்குச் சாப்பாடு போட்டாள், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தாள். தலை இழுத்துப் பின்னிவிடும்போது மட்டும் சீப்பு மெல்ல மெல்ல நகரும். பத்து நிமிடத்து வேலைக்கு அரை மணித்தியாலம் எடுப்பாள். நான் வாசலில் நின்று பார்ப்பேன். "பஸ் போகப்போகுது" என்று கத்துவேன். பஸ் எங்கேயும் போகாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் சொந்தத் தங்கை மேல் எனக்கு வயிறு எரிந்தது.

சித்திரையில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து இவரோடு நடந்து வரும்போது கொட்டித் தீர்த்தேன்.

"வந்து மூண்டு மாசம். பிள்ளை இப்ப எல்லாத்துக்கும் அவளிட்டத்தான் போகுது."

இவர் வழக்கம்போல எகிப்துக்குப் போனார். "பாரவோன்ர மகளுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"என்ன தெரிஞ்சிருக்கும்?"

"நாணலுக்குள்ளயிருந்து பிள்ளையின்ர தமக்கை ஓடி வந்து, பால் குடுக்க ஆளைக் கூட்டிக்கொண்டு வரட்டோ எண்டு கேக்குது. வந்த பொம்பிளை பிள்ளையைத் தூக்கின விதத்திலயே தெரிஞ்சிருக்கும், இவதான் பெத்தவ எண்டு. தெரிஞ்சும் ஒரு கேள்வி கேக்கேல்லை. வீட்டுக்குள்ள விட்டவ."

"அவ ராசான்ர மகள். அவவுக்கு ஹோம் ஒபிஸ் இல்லை."

அவர் சிரிக்கவில்லை. "பெத்தவவின்ர பேர் வேதத்தில இருக்கு. தமக்கையின்ர பேர் இருக்கு. மருத்துவிச்சியள் ரெண்டு பேரின்ர பேரும் இருக்கு. வளத்தவவின்ர பேரை மட்டும் அந்தக் கதையில ஒருத்தரும் எழுதேல்லை. அதுதான் தேடுறன்."

இதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ரோட்டைப் பார்த்துத்தான் சொன்னார். ஆறு வருடமாக அவர் யாருக்காகத் தேடினார் என்று அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. வீடு வரை அழுதுகொண்டு நடந்தேன். இந்த மனிதனை எத்தனை தரம் திட்டியிருப்பேன்!

அழுதாலும் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. வைகாசியும் வந்துவிட்டது.

ஷாமினியின் வகுப்பில் எகிப்தைப் பற்றி ஒரு புரஜெக்ட் கொடுத்தார்கள். எகிப்து என்றதும் வீட்டில் ஒருவர் ஆகாயத்தில் பறந்தார். ஒரு சனிக்கிழமை அவருக்கு ஷிப்ட். நானும் தங்கையும் பிள்ளையும் ரயிலேறி மியூசியத்துக்குப் போனோம். எகிப்து மண்டபத்தில் அவர் யூனிபோமில் நின்று, பிள்ளைக்கு ராம்சேஸின் பெரிய தலையைக் காட்டினார். தானே செதுக்கியது போல ஒரு பெருமை. மோயீசன் கதையையும், இந்த ராசாவா அந்த ராசாவா என்கிற வழக்கையும் விபரமாகச் சொன்னார். ஷாமினி கொப்பியில் எழுதினாள். எழுதி முடித்து, எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்து, பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் கேட்டாள். "அப்ப மோசஸ்ஸுக்கு ஆர் ரியல் அம்மா? பிரின்செஸ்ஸா, மற்றவவா?"

மேரிறோஸ்தான் பதில் சொன்னாள், ஒரு கணமும் யோசிக்காமல்.

"வளத்தவதான் அம்மா, குஞ்சு. மற்றவ வேலைக்கு வந்தவ."

அதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். எனக்காக, நான் பயந்துவிடக் கூடாது என்பதற்காகச் சிரித்தாள். புருஷனைத் தேடி முகாம் முகாமாக அலைந்தவள், ஒன்பது வருடம் காத்திருந்து பிள்ளையைப் பார்க்க வந்தவள், பிள்ளை முன்னாலேயே தன்னை வேலைக்காரி என்கிறாள். சொல்ல வைத்தது யார்? நான்.

"இல்லை" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "பிழை. பெத்தவவும் அம்மாதான். ஷாமினி, சின்னம்மா வேலைக்கு வந்தவ இல்லை. உன்னைப் பெத்தவ. சண்டை வந்ததால உன்னை என்னட்டத் தந்தவ. நான் வளத்தனான்."

"அக்கா" என்று மேரிறோஸ் என் கையைப் பிடித்தாள். நானும் அவளைப் பிடித்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் கல் ராசா ஒருவரின் காலைத் தடவிக்கொண்டு நின்றான். என் கணவர் அதைப் பார்த்தும் தடுக்காமல் நின்றார்.

ஷாமினி கொப்பியை மூடினாள். ரயிலில் எங்கள் இருவருக்கும் எதிர் ஆசனத்தில் தனியாக இருந்தாள். ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கும்போது மேரிறோஸிடம், "வை டிட் யூ கிவ் மீ அவே?" என்று கேட்டாள். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அது அவர்களுடைய கணக்கு, நான் நடுவில் நிற்கக் கூடாது. கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு சொல்லும் விளங்கவில்லை. தங்கை அழுவது மட்டும் கேட்டது. பிறகு பிள்ளை அழுவதும் கேட்டது.

ஞாயிறு முழுக்க அவள் எங்களில் யாரையும் எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. உப்பு வேண்டுமென்றால் எட்டித் தானே எடுத்தாள். அந்த ஒரு நாளில் எனக்குப் பத்து வயது கூடிப்போனது.

திங்கட்கிழமை காலை எட்டேகால். நானும் மேரிறோஸும் குசினி மேசையில் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்தோம். மாடியிலிருந்து அவசரமாக ஒரு சத்தம் வந்தது.

"அம்மா! வெயர்ஸ் மை பீ.ஈ. கிற்?"

இருவரும் ஒரே நேரத்தில் எழும்பினோம். எழும்பிய வேகத்திலேயே மேரிறோஸ் திரும்ப உட்கார்ந்தாள். "உங்களைத்தான் அக்கா கூப்பிடுறாள்."

எனக்கும் தெரியும், என்னைத்தான். அந்தச் சத்தத்துக்கு ஒன்பது வருடமாக ஓடியவள் நான். விளையாட்டுப் பாடத்துக்குப் போடும் அந்த உடுப்பு எங்கே கிடக்கும் என்றும் எனக்குத்தான் தெரியும். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. நான் கதிரையை இழுத்து உட்கார்ந்து, கத்தியைக் கையில் எடுத்தேன்.

"நீ போ" என்றேன்.

மேரிறோஸ் என்னைப் பார்த்தாள். சேலையில் கையைத் துடைத்தாள். "வாறன் குஞ்சு!" என்று குரல் கொடுத்துக்கொண்டு மாடிப்படியில் பாதி ஏறியவள், நின்று, கீழே குனிந்து இரகசியமாகக் கேட்டாள்:

"அக்கா, பீ.ஈ. கிற் எண்டால் என்ன?"