மமதா பெயர் வைத்த பாறை

கடலை மமதா போட்டோவில் பார்த்ததோடு சரி. ஆனால் கேட்டுப் பாருங்கள், கார்வாரிலிருந்து மங்களூர் வரை கரையோரம் முழுவதையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். யாணாவின் கரும்பாறைக் கோபுரங்களை வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும், மழை விட்டதும் மிர்ஜான் கோட்டை பாசி போர்த்திப் பச்சையாக நிற்கும், மரவந்தேயில் சாலைக்கு இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் ஆறு. எல்லாம் அத்துப்படி. வைட்ஃபீல்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த டூர் ஆபீஸில் அவளுக்கு அதுதான் வேலை. டூர் போயிருக்கும் வண்டிக்கு அன்றன்றைக்கு எங்கே, எப்போது என்று காலையில் வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். குரலும் நல்ல குரல். வருகிறவன் போகிறவனெல்லாம் அதைப் புகழ்ந்து புகழ்ந்து அவளுக்குத் தலைக்கனமே வந்துவிட்டது.

குமட்டாவைத் தாண்டி ஒரு மீனவர் குப்பம். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், படிப்படியாக அடுக்கி வைத்தாற்போல ஒரு பெரிய கரும்பாறை. மேலே ஏறி நின்றால் சுற்றிலும் கடல்தான். தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் மணலில் நடந்தே போய் ஏறலாம். குப்பத்து ஜனங்கள் அதை வெறும் கல் என்றுதான் சொன்னார்கள். மமதாதான் 'கடல் மாளிகை' என்று பெயர் வைத்தாள். போன தடவை போனவர்கள் அங்கே எடுத்த போட்டோக்களைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை வந்தவர்கள் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

இந்தத் தடவை வேன் ஓட்டிக்கொண்டு போனது அவள் புருஷன் நாகேஷ். பள்ளிக்கூடம் லீவு. இரண்டாம் வகுப்பு படிக்கும் வீணாவையும் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து அனுப்பினாள். "நான்தான் பார்க்கல, நீயாவது பாரு கண்ணு" என்று வீடு இருக்கும் ஜீவனஹள்ளித் தெருமுனையில் நின்று கையாட்டினாள்.

அவர்கள் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள், சாயங்காலம் நெருங்கும் நேரத்தில் பார்கவியிடமிருந்து போன் வந்தது. குப்பத்தில் வீட்டு அறைகளை டூர்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவள். பார்கவி பேசியது கன்னடம், மமதா அதற்குச் சளைத்தவள் இல்லை.

"ராத்திரிக்கு மீன் குழம்பா, சிக்கனா? கேக்கலாம்னா உங்க ஆளுங்க யாருமே இல்லையே அக்கா. எங்கே?"

"கடல் மாளிகைக்குப் போயிருப்பாங்க. இப்போதானே தண்ணி இறங்கியிருக்கும்?"

"இப்பவா? மத்தியானமே இறங்கி, இப்ப ஏறிக்கிட்டு இருக்கே!"

"போன ட்ரிப்ல இதே நேரம்தானே போனாங்க?"

"அது முந்தின வாரம். தண்ணி தினமும் நேரம் மாறுமே அக்கா! உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. மமதாவுக்குத் தெரிந்த தண்ணீர் குழாயில் வருகிற காவேரித் தண்ணீர். அதற்குக் கிழமை உண்டு, நேரம் உண்டு, குடத்தோடு போய் நின்றால் வரும். கடலுக்கும் அப்படி ஒரு நேரம் இருக்கும் என்று நினைத்துவிட்டாள், பைத்தியக்காரி! போன தடவை சொன்ன நேரத்தையே இன்று காலையும் சொல்லியிருந்தாள். மூணு மணிக்குப் போங்க, அஞ்சு வரைக்கும் தண்ணி வராது, பயமே வேண்டாம்.

"தண்ணி ஏறினா அந்தப் பாறை என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"மேல் படி ஒண்ணுதான் மிஞ்சும். அலை பெரிசா வந்தா அதுவும் இல்ல" என்றாள் பார்கவி. "அய்யோ தேவரே... இருங்க அக்கா, எங்க வீட்டுக்காரரைப் படகோட அனுப்புறேன்."

போன் வைக்கப்பட்டது. மமதா நாகேஷுக்கு அடித்தாள். நாட் ரீச்சபிள். மறுபடி அடித்தாள். அதே பெண் குரல், அதே பதில். அந்தக் குரல் அவ்வளவு அமைதியாக இருந்தது. தானும் காலையில் இப்படித்தானே அமைதியாகப் பேசினோம் என்று நினைத்ததும் போனைக் காதிலிருந்து பிடுங்கி மேஜைமேல் வைத்தாள்.

பக்கத்து நாற்காலி தருண் எட்டிப் பார்த்தான். "இன்னா ஆச்சு மமதா? மூஞ்சியெல்லாம் வேர்த்துக்கினு இருக்கு?"

"வீணா..." என்றாள்.

அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அதைப் பார்த்ததும் வீறிட்டுக் கத்தினாள். கீழே ரோட்டில் வண்டிகள் நகராமல் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பறந்து போனாலும் கடலுக்கு எட்ட முடியாத ஊரில் உட்கார்ந்திருக்கிறோமே என்று மாரடித்துக்கொண்டாள். வீணா இடுப்பளவு தண்ணீரைக்கூடப் பார்த்ததில்லை. பக்கெட்டில் குளிக்கிற பிள்ளை. மாரியம்மா, என்னை எடுத்துக்கோ, அவளை விட்டுடு. மேஜைக்கு அடியில் முழங்காலிட்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். யார் பார்த்தால் என்ன, வெட்கமாவது மண்ணாவது!

வெகுநேரம் கழித்து போன் அடித்தது. நாகேஷ்.

"எல்லாரையும் படகுல ஏத்திட்டாங்கடி. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல" என்றான். பல் தந்தியடிக்கப் பேசினான், குளிரா பயமா தெரியவில்லை. "போவும்போதே ஒரு பெரியவரு வேணாம்னாரு. நான்தான் கேக்கல. எங்க வீட்ல சொன்னா சரியாத்தான் இருக்கும்னு உன் மெசேஜைப் போட்டுக் காமிச்சேன்."

மமதா சத்தமே வராமல் அழுதாள். "பாப்பா எங்கே? பாப்பாகிட்ட குடு."

போன் கை மாறியது. காற்று இரைந்தது.

"அம்மா! எல்லா ஆன்ட்டியும் அழுதாங்க. நான் அழவே இல்ல, தெரியுமா?"

"என் தங்கமே... பயமா இல்லையா உனக்கு?"

"தண்ணி என் கால் மேல வந்துச்சு. முட்டி வரைக்கும் வந்துச்சு. அப்போ அப்பாகிட்ட உன் மெசேஜைத் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னேன். அஞ்சு மணி வரைக்கும் தண்ணி வராது, பயமே வேண்டாம்னு நீ சொல்லிக்கினே இருந்தே. அப்போ இது நெஜத் தண்ணி இல்லன்னு நெனச்சு அப்பிடியே நின்னுக்கினு இருந்தேன்மா."