மூன்றாம் ஓலை

எங்கள் வீட்டைச் சாத்தூரில் வாத்தியார் வீடு என்றால்தான் தெரியும். அப்பா வாத்தியார். நான் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி ஜெயசுந்தரும் வாத்தியார்தான். கோயிலில் முன்வரிசை பெஞ்சில் எங்களுக்கு ஓர் இடம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை. வேறு யாரும் அதில் உட்கார்வதில்லை, அவ்வளவுதான். அந்தப் பெஞ்சிலிருந்து நான் எழுந்து நின்றதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். நடந்தது இது.

தம்பி மகள் ஜெமிமா சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தீக்காய வார்டு. பட்டாசு சீசனில் அங்கே கட்டில் காலியாகக் கிடந்து பார்த்தவர் இல்லை. 2005இல் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் மருந்து கலக்கும் அறை தீப்பிடித்தபோது தூக்கி வரப்பட்டவன் யோபு. இடது கை, கழுத்து, ஒரு காது எல்லாம் வெந்துபோயிருந்தன. பிழைக்கமாட்டான் என்றார்கள். ஜெமிமா பிழைக்க வைத்தாள். இடது கை விரல்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. கம்பெனி அவனைச் சூப்பர்வைசராக்கியது. அவன் ஆஸ்பத்திரியை விட்டுப் போன பிறகும் ஜெமிமாவை விடவில்லை. அவளும் விடவில்லை.

பெண்கள் சங்கக் கூட்டத்தில் முருகம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஜெமிமா இப்பல்லாம் பஸ்ஸுல வர்றதில்ல போல, யோபுதான் வண்டியில கொண்டாந்து விடுறான், டீச்சர்" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பையன் நம் சபை, சம்பளம் இருக்கிறது, தழும்பு ஒரு குறையல்ல. போதகரைப் பார்த்துவிட்டு வா என்று தம்பியிடம் சொன்னேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். ஆராதனையின் நடுவில் போதகர் இருவர் பெயரையும் வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல நியாயம் உள்ளவர்கள் இப்போது சொல்லலாம் என்பார். சற்று நிறுத்துவார். யாராவது இருமுவார்கள். அடுத்த பாட்டுக்குப் போவார். எழுந்து தடை சொன்னவர் ஒருவரையும் என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. ஓலை வாசித்த கல்யாணம் நின்றுபோனால் அந்தப் பெண்ணைக் கேட்டு வேறு வீடு வராது. அது எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு ஓலை முடிந்திருந்தது. அழைப்பிதழ் வாங்கச் சிவகாசிக்கு நான்தான் போனேன். கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் கிளம்ப நின்ற சாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில். எதிரே டீக்கடை நிழலில் ஜெமிமாவும் யோபுவும் நின்றார்கள். அவன் அவளுடைய செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ கேட்டான். அவள் பதில் சொன்னாள். மறுபடியும் கேட்டான். பிறகு போனைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நல்ல கையால் அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தான். பார்க்கிறவர்களுக்குக் கை கோத்திருக்கிற மாதிரித்தான் இருந்திருக்கும். பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்றவள்கூடத் திரும்பவில்லை.

ஜெமிமா கத்தவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். அப்படிப் பார்க்கையில் பஸ் ஜன்னலில் என்னைக் கண்டாள். உடனே சிரித்தாள். விரல் அவன் பிடியில் இருக்கும்போதே மறு கையை எனக்கு ஆட்டினாள்.

நான் எழுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. கண்டக்டரிடம் சத்தம் போட்டு இறங்கித் திரும்பி நடந்து வந்தபோது டீக்கடையில் அவர்கள் இல்லை.

சாயங்காலம் என் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வந்தாள். எனக்கு வலது கண்ணில் புரை. கல்யாணம் முடிந்ததும் ஆபரேசன் என்று வைத்திருந்தோம். தினமும் மருந்து விடுகிறவள் அவள்தான். சுண்டுவிரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். ஒரு சுருக்கமில்லாத கட்டு.

"கட்டில் கம்பியில மாட்டிக்கிடுச்சு, அத்தை."

"எந்தக் கட்டில்? டீக்கடையில போட்டிருந்தாகளா?"

அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டீகளா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதீக."

"இது மொதத் தடவையா?"

மருந்து பாட்டிலின் மூடியைத் திருகினாள். கிறிஸ்துமஸிலிருந்து அவள் முழங்கைக்குக் கீழே இறங்கும் ரவிக்கைதான் போடுகிறாள். எவ்வளவு அடக்கமாக இருக்கிறது பாருங்கள் என்று பெண்கள் சங்கத்தில் நான் சொல்லியிருக்கிறேன். "ரவிக்கைக் கையத் தூக்கு" என்றேன். அவள் தூக்கவில்லை.

"அத்தை, கட்டு மாத்தும்போது ஒட்டுன துணிய உரிக்கணும். அப்ப பேஷண்ட் அடிப்பாக, கடிப்பாக, நம்ம அம்மாவ இழுத்து வைவாக. வேலைக்குச் சேந்தப்பவே பெரிய சிஸ்டர் சொன்னாக, வலிதான் அடிக்குது, ஆள் அடிக்கல, மனசுல வைக்காதேன்னு. வார்டுல அவுக அடிச்ச மாதிரி என்னைய யாரும் அடிச்சதில்ல. மறுநாள் என் கையப் புடிச்சுக்கிட்டு அப்படி அழுவாக. நீங்க பாத்ததில்ல."

"அது ஆஸ்பத்திரி. இப்ப அவனுக்கு எங்க கட்டு இருக்கு? புண்ணு ஆறி எம்புட்டு நாளாச்சு."

"உள்ள ஆறல, அத்தை."

"உன் விரல ஒடிச்சா ஆறிருமாக்கும்."

அவள் சிரித்தாள். "பரீட்சைல கேக்குற மாதிரியே கேக்குறீக."

"பதில் எழுது, பாப்போம்."

கட்டின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

"அவுக கண்ணாடி பாக்குறதில்ல. எங்க போனாலும் கழுத்துல துண்டு. என் முன்னாடி மட்டும்தான் அத எடுத்து வச்சிட்டு உக்காருவாக. நானும் போயிட்டா?"

"அவன யாரு பாக்கணும்கிறது என் கவலை இல்ல. நீ ஒரு வார்த்தை சொல்லு. ஓலைய நிறுத்திப்புடலாம்."

"நிறுத்திட்டு? முன் பெஞ்சுல உங்க பக்கத்துல உக்காந்துக்கிடவா? கடைசிவரைக்கும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. என் கையைப் பிடிக்க வந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். அதை என் முகத்துக்கு நேரே யாரும் பேசியதில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.

"சந்தேகந்தான் அவுகளுக்கு. தாலி ஏறிட்டா சந்தேகம் எங்க இருக்கும்? எல்லாம் சரியாயிரும்" என்றாள். பிறகு என் தலையைச் சாய்த்துப் பிடித்து மருந்தை விட்டாள். அந்த விரலை வைத்துக்கொண்டும் அவள் கை ஆடவில்லை.

தம்பியிடம் நான் சொன்னேன். அவன் முற்றத்தில் நின்று வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான்.

"அவளே வேணுங்கிறாளேக்கா. நான் கேட்டா, அத்தைக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கும்கிறா. ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. வாத்தியார் வீட்டுப் பேச்சு மாறாதுன்னு நீங்கதான் சொல்லுவீக."

"நம்ம வீட்டுல பிரம்பெடுத்தவுக உண்டு, பிள்ளைகளுக்கு. வீட்டுப் பொம்பளைய அடிச்சவன்னு ஒருத்தன் நம்ம வாசப்படி ஏறுனதில்ல."

"ஊர் என்ன பேசும்?"

"பேசட்டும்."

அந்த வார்த்தை என் வாயில் எனக்கே புதிதாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு. போதகர் பெயர்களை வாசித்தார். தடை சொல்லலாம் என்றார். நிறுத்தினார். பின்னால் யாரோ இருமினார்கள். நான் எழுந்தேன்.

"தடை இருக்கு, ஐயா."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அம்மா, ஆராதனை முடிஞ்சு பேசலாமே."

"சபையில கேட்டீங்க. சபையிலதான் சொல்லணும். இந்தப் பையன் எங்க பிள்ளைய அடிக்கிறான். சிவகாசி பஸ் ஸ்டாண்டுல அவ விரல ஒடிச்சான். நான் கண்ணால பாத்தேன்."

எங்கள் வீட்டு விஷயம் எதுவும் அதற்கு முன்பு வாசல் தாண்டிப் போனதில்லை. ஆண்கள் பக்கத்தில் யோபு தலையைக் குனிந்துகொண்டான். கழுத்துத் துண்டு நழுவி அந்தத் தழும்பு வெளியே தெரிந்தது. சபையே அதைத்தான் பார்த்தது. பார்த்தவர்கள் முகத்தில் பரிதாபம் இருந்தது.

போதகர் பெண்கள் பக்கம் திரும்பினார். "ஜெமிமா, நீ சொல்லும்மா."

அவள் எழுந்தாள். மேலே மின்விசிறிச் சத்தம் கேட்கிற அளவுக்குப் பேசாமல் நின்றாள். கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் பிடித்திருந்தாள். அவள் யோசித்தாள் என்பதை மட்டும் நான் இன்றைக்கும் விடாமல் வைத்திருக்கிறேன்.

"அத்தைக்குக் கண்ணுல புரை, ஐயா. நான்தான் மருந்து விடுறேன். அன்னிக்கு வெயில் வேற. எனக்குக் கட்டில் கம்பியிலதான் மாட்டுச்சு."

போதகர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நோயாளியைப் பார்க்கிற மாதிரி. பாட்டு எண்ணைச் சொன்னார். எல்லாரும் எழுந்தார்கள். நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் முருகம்மாள், "ஆபரேசன் எப்ப, டீச்சர்?" என்று கேட்டாள். தம்பி செருப்பைத் தேடுகிறவன் போலக் குனிந்தே நின்றான்.

யோபு நேரே என்னிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"நான் ஒண்ணும் மனசுல வைக்கல, அத்தை. வெயிலா இருக்கு, ஆட்டோ கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். நடந்து பழக்கம்" என்றேன்.

ஜெமிமா அவன் பின்னால் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து, அவன் கேட்பதற்கு முன்பே, செல்போனை எடுத்து நீட்டினாள். அவன் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் கொண்டுபோய் வாங்கிக்கொண்டான்.